பீரோவில் வைத்த பென்டிரைவ்

கேள்வி:

எங்களுக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். மகன் கச்சிபௌலியில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறான். பேத்தியைப் பார்த்துக்கொள்வதற்காக நானும் என் வீட்டுக்காரரும் சில வருஷங்களாக இங்கேதான் இருக்கிறோம்.

என் அப்பா எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் வேஷம் கட்டியவர். 2016-ல் அவரை உட்காரவைத்துப் பேசச் சொல்லி, பாடச் சொல்லி போனில் பதிவு செய்தேன். 2018-ல் அவர் காலமாகிவிட்டார். அந்தப் பதிவுகளை எல்லாம் ஒரு 64 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோ லாக்கரில் நகையோடு வைத்திருந்தேன். அந்தப் போன் இப்போது இல்லை. போன வாரம் பேத்திக்குக் கொள்ளுத்தாத்தா குரலைக் கேட்கவைக்கலாம் என்று எடுத்துச் செருகினால், ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று வருகிறது. பயந்துபோய் மூடிவிட்டேன். மகனின் ஆபீஸ் லேப்டாப் பென்டிரைவையே ஏற்கவில்லை. கடையில் கேட்டால், ‘ஃபார்மேட் பண்ணிட்டு ரெக்கவர் பண்ணிக்கலாம்மா’ என்கிறார்கள். கூடவே, 2 டிபி பென்டிரைவ் சில நூறு ரூபாய்தான், எல்லாவற்றையும் அதில் போட்டு வையுங்கள் என்றும் சொன்னார்கள்.

யாரும் தொடாமல் பூட்டிவைத்த பொருள் எப்படிக் கெட்டுப்போகும்? கரண்டே இல்லாமல் அது இத்தனை நாள் எதை, எப்படிப் பிடித்து வைத்திருந்தது? வாங்கிய நாளிலிருந்தே 64-க்குப் பதில் 57 என்றுதான் காட்டியது, அதுவும் ஏமாற்றா? அப்பா குரல் திரும்பக் கிடைக்குமா?

— ஒரு வாசகி, கச்சிபௌலி, ஹைதராபாத்

பதில்:

அம்மா, முதல் வேலையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பென்டிரைவை ஃபார்மேட் செய்யாதீர்கள். வேறு யாரையும் செய்யவும் விடாதீர்கள். புதிதாக ஒரு பாட்டோ படமோ அதில் ஏற்றிப் பார்க்கவும் வேண்டாம். திரும்பத் திரும்பச் செருகிப் பார்ப்பதையும் நிறுத்திவிடுங்கள். அந்தச் செய்தி வந்ததும் மூடிவிட்டீர்களே, அதைவிடச் சரியான காரியம் வேறில்லை. உங்கள் அப்பாவின் குரல் அதற்குள் இன்னும் இருப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், பென்டிரைவில் ஒரு கோப்பை ஏற்றும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. கோப்பின் உடல் ஓரிடத்தில் எழுதப்படுகிறது. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, பெயர் என்ன, தேதி என்ன என்ற விவரம் தனியாக ஓர் அட்டவணையில் பதிவாகிறது. செருகியதும் கம்ப்யூட்டர் தேடுவது இந்த அட்டவணையைத்தான். அது சிதைந்திருந்தால், உள்ளே எத்தனை மணி நேரப் பேச்சு இருந்தாலும் விண்டோஸுக்கு அது ஒன்றும் எழுதாத வெற்றுப் பலகை. உடனே ‘ஃபார்மேட் செய்யட்டுமா’ என்று கேட்கிறது. சம்மதித்தால் பழைய அட்டவணையின் மேல் புதிய, காலி அட்டவணையை எழுதிவிடும். பழையதில் மிச்சம் மீதி ஏதாவது பிழைத்திருந்தால் அதுவும் போய்விடும். ஃபார்மேட் செய்த பிறகும் மீட்க முடிவதுண்டு என்பது உண்மைதான். ஆனால் பெயர், தேதி, வரிசை எல்லாம் போய்விடலாம். நோய்வாய்ப்பட்டிருக்கும் சிப்பில் புதிதாக எழுதுவதும் அதற்குப் பாரம். கடைக்காரர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லியிருக்கிறார். விலை கொடுத்து வாங்க முடியாத பதிவுக்கு அந்த வழி வேண்டாம்.

ஆபீஸ் லேப்டாப்பையும் விட்டுவிடுங்கள். கச்சிபௌலி, ஹைடெக் சிட்டி வட்டாரத்து ஐடி கம்பெனிகளில் யுஎஸ்பி வழியைப் பூட்டிவைப்பது வெகு சாதாரணம். வாடிக்கையாளரின் தகவல் வெளியே போய்விடக் கூடாது என்பது ஒரு காரணம், வைரஸ் உள்ளே வந்துவிடக் கூடாது என்பது இன்னொன்று. ஈரானின் அணுக் கூடத்துக்குள் புகுந்து 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் வைரஸ், இணையத்தோடு தொடர்பே இல்லாத கம்ப்யூட்டர்களுக்கும் பென்டிரைவ் வழியாகப் பரவக்கூடியதாக எழுதப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு கட்டுப்பாடுகள் பல இடங்களில் இறுகிவிட்டன. உங்கள் மகன் விதியை மீறி முயன்றால் வேலைக்குச் சங்கடம். வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப் எதுவானாலும் இதற்குப் போதும்.

அந்த லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகி, ஃபார்மேட் கேள்வி வந்தால் ‘கேன்சல்’ கொடுத்துவிட்டு, டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற பகுதியை மகனைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே பென்டிரைவின் கொள்ளளவு எவ்வளவு என்று காட்டுகிறது என்பதை மட்டும் பார்க்க வேண்டும். 57 ஜிபி, 58 ஜிபி என்று ஏறத்தாழச் சரியாகக் காட்டி, பக்கத்தில் ‘ரா’ என்று போட்டிருந்தால் அட்டவணைதான் பழுது. இதை வீட்டிலேயே சரிக்கட்டலாம். கொள்ளளவு பூஜ்யம் என்றோ ‘நோ மீடியா’ என்றோ வந்தால், உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் நினைவகச் சிப்போடு பேச முடியாமல் நிற்கிறது என்று பொருள். அப்போது வீட்டில் எதுவும் முயல வேண்டாம்.

முதல் நிலை என்றால் செய்ய வேண்டியது இது. பென்டிரைவிலிருந்து கோப்புகளை நேரடியாகத் தேடாமல், முதலில் அதன் முழு நகல் ஒன்றை, முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை, கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் ஒரே கோப்பாக எடுத்துவிட வேண்டும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. படிக்க மறுக்கும் இடங்களை முதல் சுற்றில் தாண்டிப் போய், நல்ல பகுதிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு, பிறகு திரும்பி வந்து கெட்ட இடங்களை நிதானமாக முயலும். நகல் கிடைத்ததும் பென்டிரைவைக் கழற்றி எடுத்து வைத்துவிடலாம். மீதி வேலை எல்லாம் நகலின் மேல்தான். டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள் அட்டவணையைச் சீர்செய்யப் பார்க்கும். அது முடியாவிட்டால் ஃபோட்டோரெக் இருக்கிறது. பெயரில் ஃபோட்டோ இருந்தாலும் எம்பி3, எம்4ஏ போன்ற ஒலிக் கோப்புகளையும் அது கண்டுபிடிக்கும். அட்டவணையைப் பற்றிக் கவலைப்படாமல், ஒலிக் கோப்பு எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துக்கொண்டு முழு நகலையும் சல்லடை போடுகிறது. கிடைத்த கோப்புகளுக்குப் பெயர் இருக்காது. ‘எஃப்’ என்ற எழுத்துக்குப் பின்னால் ஏழெட்டு இலக்கம் ஒட்டிக்கொண்டு வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு நீங்கள்தான் பெயர் வைக்க வேண்டும். மீட்கும் கோப்புகளை அதே பென்டிரைவில் சேமித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் நம்பிக்கையோடு பேச ஒரு காரணம் உண்டு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், காலியான பென்டிரைவில் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை என்று தெரிகிறது. தினமும் அழித்து எழுதும் பென்டிரைவில் ஒரு கோப்பு பத்துத் துண்டாகச் சிதறிக் கிடக்கும். அட்டவணை போனால் துண்டுகளைச் சேர்ப்பது கடினம். உங்களுடையதில் ஒவ்வொரு பதிவும் தொடர்ச்சியாக ஒரே இடத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இனி, கரண்ட் இல்லாமல் எதைப் பிடித்து வைத்திருந்தது என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன்.

பென்டிரைவின் மேலுறையைக் கழற்றினால் கட்டைவிரல் அகலத்தில் ஒரு பச்சை அல்லது கறுப்புச் சர்க்யூட் அட்டை. அதில் இரண்டு சிப்கள்தான் முக்கியம். சிறியது கட்டுப்பாட்டுச் சிப், பெரியது நினைவகம். செருகும் முனையில் நான்கு தங்க நிறப் பட்டைகள் தெரியும். உற்றுப் பார்த்தால் ஓரத்தில் உள்ள இரண்டு கொஞ்சம் நீளமாகவும், நடுவில் உள்ள இரண்டு குட்டையாகவும் இருக்கும். ஓரத்துப் பட்டைகள் 5 வோல்ட் மின்சாரத்துக்கு, நடுப்பட்டைகள் தகவலுக்கு. செருகும்போது மின்சாரம் முதலில் தொட்டுவிட வேண்டும், பேச்சுவார்த்தை அப்புறம். உருவும்போது தகவல் முதலில் அறுபட வேண்டும், மின்சாரம் கடைசியில். அதற்காகத்தான் அந்த நீள வித்தியாசம். யுஎஸ்பியின் முதல் தரநிர்ணயம் 1996-ல் வந்தது. ஒரு முனையின் நீளம் வரை யோசித்து வைத்திருக்கிறார்களே என்று இப்போதும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

நினைவகச் சிப்புக்குள் இருப்பவை கோடிக்கணக்கான நுண்ணிய டிரான்சிஸ்டர்கள். செல் என்போம். சாதாரண டிரான்சிஸ்டருக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இதன் நடுவில் எந்தக் கம்பியோடும் இணையாமல், நாலா பக்கமும் மின்சாரம் கடத்தாத ஆக்ஸைடு சூழ, ஒரு தனித்தீவு இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் ஸீ என்ற இருவர் 1967-ல் முன்வைத்த யோசனை அது. அந்தத் தீவுக்குள் எலக்ட்ரான்களைத் தள்ளிவிட்டால் அவை வெளியே வர வழி இல்லை. கரண்டை நிறுத்தினாலும் உள்ளேயே கிடக்கும். தீவில் எலக்ட்ரான் இருந்தால் அந்த டிரான்சிஸ்டரை இயக்க அதிக வோல்ட்டேஜ் வேண்டும். இல்லாவிட்டால் குறைவாகப் போதும். அந்த வித்தியாசத்தை அளந்து பூஜ்யமா ஒன்றா என்று சிப் படிக்கிறது. உங்கள் அப்பாவின் குரல் என்பது அங்கே அடைபட்டுக் கிடக்கும் எலக்ட்ரான் கூட்டங்கள்தான்.

வழியே இல்லாத தீவுக்குள் எலக்ட்ரான்கள் எப்படிப் போகின்றன? அந்த ஆக்ஸைடுச் சுவர் சுமார் 8 நானோமீட்டர் தடிமன். ஒரு மில்லிமீட்டரை லட்சத்துக்கும் அதிகமாகக் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. அவ்வளவு மெல்லிய சுவரில் சுமார் 20 வோல்ட் அழுத்தம் கொடுத்தால், எலக்ட்ரான்கள் சுவரை உடைக்காமலே மறுபக்கம் போய்விடும். குவாண்டம் இயற்பியல் அனுமதிக்கும் ஊடுருவல் இது. பென்டிரைவுக்கு வருவது வெறும் 5 வோல்ட். சிப் தனக்குள்ளேயே அதைப் படிப்படியாக உயர்த்திக்கொள்கிறது. அழிப்பதற்கு அழுத்தத்தைத் திருப்பிப் போட்டு எலக்ட்ரான்களை வெளியே இழுக்கிறது. இந்த முறையில் பெரும் பகுதிகளை ஒரே வீச்சில் அழிக்கும் நினைவகத்தை ஜப்பானின் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1984-ல் உலகுக்குக் காட்டினார். இன்று பென்டிரைவிலும் போனிலும் இருக்கும் நான்ட் வகையை 1987-ல் அவரது குழு கொண்டுவந்தது. பென்டிரைவ் என்ற பண்டம் கடைக்கு வந்தது 2000-ல். சிங்கப்பூரில் டிரெக் என்ற நிறுவனம் தம்டிரைவ் என்ற பெயரில் விற்றது. அதே ஆண்டு இறுதியில், இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் உருவாக்கியதை ஐபிஎம் தன் பெயரில் விற்றது. அதன் கொள்ளளவு 8 எம்பி. உங்கள் கையில் இருப்பது அதைப்போல எட்டாயிரம் மடங்கு.

அந்த எட்டாயிரம் மடங்கு சும்மா வரவில்லை. உங்கள் கேள்விக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு செல்லில் ஒரு பிட்தான்: எலக்ட்ரான் இருக்கிறதா, இல்லையா. பிறகு அளவையும் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு சொம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது ஒரு முறை. அதே சொம்பின் உள்பக்கம் எட்டுக் கோடு போட்டு, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பது இன்னொரு முறை. எட்டு நிலைகள் என்றால் ஒரு செல்லில் மூன்று பிட். பதினாறு நிலைகள் என்றால் நான்கு பிட். அதே சிப்பில் கொள்ளளவு பெருகுகிறது, விலை இறங்குகிறது. ஆனால் சொம்பில் ஒரு கோடுதான் என்றால் பாதித் தண்ணீர் வற்றினாலும் ‘இருக்கிறது’ என்று சொல்லிவிடலாம். எட்டுக் கோடு என்றால் விரற்கடை வற்றினாலே அடுத்த கோட்டுக்கு இறங்கிவிடும், படிப்பு தவறிவிடும். சிறிய செல்களில் ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் உள்ள வித்தியாசமே பத்துக் கணக்கிலான எலக்ட்ரான்கள்தான்.

எலக்ட்ரான்கள் கசியவே செய்கின்றன. எவ்வளவு நல்ல சுவரானாலும் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் சுவரில் நுண்ணிய காயம் படுகிறது. காயம் பட்ட சுவர் இன்னும் வேகமாகக் கசியும். ஒரு செல்லுக்கு ஒரு பிட் வைத்த பழைய சிப்கள் லட்சம் முறை வரை அழித்து எழுதத் தாங்கின. மூன்று பிட் வைக்கும் சிப்களுக்கு அது ஆயிரக்கணக்கில்தான், மலிவானவற்றில் அதற்கும் கீழே. வெப்பம் கசிவை முடுக்கிவிடும். ஹைதராபாத்தில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது உங்களுக்குத் தெரியாததல்ல. அடைத்த அறையில் இரும்பு பீரோவுக்குள் அந்த வெப்பம் இரவெல்லாம் நிற்கும். வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு இன்னும் மோசம். சிப் துறைக்கான தரநிர்ணய அமைப்பான ஜெடெக், வீட்டு உபயோக எஸ்எஸ்டிகளுக்கு (இதே வகைச் சிப்பால் ஆன டிஸ்க்குகள்) வகுத்த கெடுவே இதைச் சொல்லும்: எழுதித் தீர்ந்து ஆயுளின் முடிவுக்கு வந்த எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும். புதிய, அதிகம் எழுதப்படாத சிப் இதைவிட எவ்வளவோ நாள் தாங்கும்; பத்தாண்டு என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவது வழக்கம். ஆனால் பென்டிரைவுக்குள் என்ன தரச் சிப் போட்டிருக்கிறார்கள் என்பது வாங்குகிறவருக்குத் தெரிவதே இல்லை. நல்ல சிப்கள் எஸ்எஸ்டிக்கும் போனுக்கும் போக, அடுத்த தரம் பென்டிரைவுக்கு வருவதுண்டு.

ஆகவே யாரும் தொடாமல் பூட்டிவைத்ததுதான் பாதுகாப்பு என்ற நம் வழக்கமான எண்ணம் நகைக்கும் பத்திரத்துக்கும் சரி, பென்டிரைவுக்குச் சரியில்லை. இதைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்க வேண்டும் என்பது என் கட்சி. பென்டிரைவ் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகிற பொருள். வைத்துக் காப்பாற்றுகிற பொருள் அல்ல. ஆண்டுக்கு ஒரு முறை கரண்ட் கொடுத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கரண்ட் கொடுத்ததும் பென்டிரைவ் தானாகச் செல்களைப் புதுப்பித்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. முழுவதையும் வேறிடத்துக்கு நகலெடுத்து, திரும்பப் புதிதாக எழுதினால்தான் செல்களில் எலக்ட்ரான் மறுபடி நிரம்பும்.

நகையோடு வைத்ததால் கெட்டதோ என்ற கவலை வேண்டாம். பக்கத்தில் காந்தம் ஏதாவது இருந்திருந்தாலும் அது பென்டிரைவை ஒன்றும் செய்யாது. கேசட்டுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும்தான் அந்தப் பயம். விமான நிலையத்தில் பெட்டியைப் பரிசோதிக்கும் எக்ஸ்ரேயும் கெடுத்துவிடாது. கசிவு தவிர வேறு காரணங்களும் உண்டு. கடைசியாக ஏற்றியபோது எழுதி முடிவதற்குள் உருவியிருந்தால் அட்டவணை அப்போதே அரைகுறையாக நின்றிருக்கும். கட்டுப்பாட்டுச் சிப்பின் கால் ஒன்று பற்றாசிலிருந்து விட்டிருக்கலாம். எது என்பதை அந்தக் கொள்ளளவு எண் காட்டிக்கொடுக்கும்.

64-க்குப் பதில் 57 காட்டியது ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் கணக்கில் ஒரு ஜிபி என்பது 100 கோடி பைட். 64 ஜிபி என்றால் 6,400 கோடி பைட். விண்டோஸ் இரண்டின் மடங்கில் எண்ணுவதால் அதற்கு ஒரு ஜிபி என்பது 1,07,37,41,824 பைட். வகுத்தால் 59.6 வரும். அதற்கும் கீழே போனதற்குக் காரணம், கட்டுப்பாட்டுச் சிப் தன் உபயோகத்துக்குக் கொஞ்சம் இடத்தை ஒதுக்கிக்கொள்வது. ஒரு செல்லுக்கு மூன்று பிட் என்றால் 64 ஜிபிக்கு சுமார் 17,000 கோடி செல்கள் வேண்டும். அத்தனையும் பழுதில்லாமல் பிறப்பதில்லை. ஃபாக்டரியிலிருந்து வரும்போதே சில தொகுதிகள் கெட்டிருக்கும், உபயோகத்தில் இன்னும் சில கெடும். அவற்றுக்குப் பதிலாக நிறுத்த உபரித் தொகுதிகள் தேவை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதித் தேய்ந்துபோகாமல் சிப் முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுப்பதும், படிக்கும்போது ஒன்றிரண்டு பிட் தவறினால் கணக்குப் போட்டுத் திருத்துவதும் அந்தச் சிறிய சிப்பின் வேலைதான். இத்தனை நாள் தாங்கியதே அதன் புண்ணியத்தில்தான்.

அந்த 2 டிபி பென்டிரைவ்தான் ஏமாற்று. சில நூறு ரூபாய்க்கு 2 டிபி என்று உலகில் எங்கும் கிடையாது. 2017-ல் கிங்ஸ்டன் உண்மையாகவே 2 டிபி பென்டிரைவை வெளியிட்டது. அதன் விலை சாமானியர் வாங்கக்கூடியதாக இல்லை. மலிவாக வருபவற்றில் உள்ளே 16 ஜிபியோ 32 ஜிபியோதான் இருக்கும். கட்டுப்பாட்டுச் சிப்பை மாற்றி எழுதி, ‘நான் 2 டிபி’ என்று கம்ப்யூட்டரிடம் சொல்லவைத்திருப்பார்கள். நீங்கள் ஏற்ற ஏற்ற எல்லாம் ஏறியதுபோலவே காட்டும். கோப்பின் பெயர் தெரியும், அளவு தெரியும், திறந்தால் ஒன்றும் இராது. கொள்ளளவைத் தாண்டியது எல்லாம் காற்றில் போயிருக்கும், அல்லது பழையதன் மேலேயே விழுந்து அதையும் அழித்திருக்கும். குடும்பப் படங்களை இதில் ஏற்றிவிட்டு, போனில் இருந்ததை அழித்துவிட்டு, ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். மற்ற ஏமாற்றுகளில் பணம்தான் போகும், இதில் திரும்ப எடுக்க முடியாத நாட்கள் போய்விடுகின்றன. அதனால் இதை விற்பவர்கள் மேல் எனக்குக் கோபம் அதிகம். செகந்திராபாத் பார்க்லேனில் வாங்கினாலும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், பில்லோடு வாங்கி, எஃப்3 என்ற இலவச மென்பொருளால் ஒரு முறை முழுக்க எழுதிப் படித்துப் பார்த்த பிறகே எதையும் ஏற்றுங்கள்.

அப்படியானால் எதில் வைப்பது? ஹார்டு டிஸ்க்கில் எலக்ட்ரான் அடைப்பு இல்லை. சுழலும் தட்டில் காந்தப் பதிவு. கரண்ட் இல்லாமல் வைப்பதற்குப் பென்டிரைவைவிட நம்பலாம். ஆனால் படிக்கும் முனை தட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் மிதப்பதால், ஓடும்போது கைதவறினால் போச்சு. எஸ்எஸ்டிக்குள் இருப்பது பென்டிரைவில் உள்ள அதே வகைச் சிப், இன்னும் நல்ல கட்டுப்பாட்டோடு. தினசரி உபயோகத்துக்கு அருமை, பீரோவுக்கு ஏற்றதல்ல. வீட்டில் எழுதிய சிடி, டிவிடிகளில் சாயம் மங்கும். படிக்கும் கருவியும் இப்போது பெரும்பாலான லேப்டாப்பில் வருவதில்லை. கிளவுட் என்பதும் யாரோ ஒருவருடைய கட்டடத்தில் சுழலும் டிஸ்க்தான். அமேசான் 2022 நவம்பரில் ஹைதராபாத்திலேயே அப்படிப்பட்ட கட்டடங்கள் கொண்ட ஒரு வட்டாரத்தைத் திறந்தது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்றிலிருந்து நகல் எடுத்து மாற்ற ஆள் இருக்கிறது.

நகல் என்றதும் உங்கள் பேட்டையிலேயே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கச்சிபௌலியில் டிரிபிள் ஐடி வளாகத்தைத் தாண்டிப் போயிருப்பீர்கள். 1998-ல் தொடங்கிய கல்வி நிறுவனம். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, பின்னால் 1994-ல் கணினித் துறையின் டியூரிங் விருது பெற்ற ராஜ் ரெட்டி, பத்து லட்சம் புத்தகங்களை ஸ்கேன் செய்து இலவசமாகக் கொடுப்போம் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அதன் இந்தியப் பகுதிதான் டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா. ஸ்கேன் செய்யும் மையமாகவும், புத்தகங்களை வைத்து வழங்கும் இடமாகவும் அந்த டிரிபிள் ஐடி இருந்தது. ஏராளமான பழைய தமிழ்ப் புத்தகங்களும் பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டு அந்தச் சர்வர்களில் ஏறின. பின்னால் அந்தத் தளம் நின்றுபோனது. புத்தகங்கள் போகவில்லை. கார்ல் மாலமுட் என்ற அமெரிக்கப் பொதுநல ஆர்வலர் லட்சக்கணக்கான புத்தகங்களை இன்டர்நெட் ஆர்க்கைவுக்கு நகலெடுத்து ஏற்றியிருந்தார். இன்றும் ஒரு பழந்தமிழ் நூலை அங்கே தேடினால், அதன் அடையாள எண்ணில் ‘டிஎல்ஐ’ என்றும் ‘2015’ என்றும் இருக்கும். தலைப்பை ஆங்கில எழுத்தில் தப்பும் தவறுமாக அடித்திருப்பார்கள். அந்தத் தப்போடுதான் அது பிழைத்திருக்கிறது. பெரிய நிறுவனம், நல்ல டிஸ்க், தேர்ந்த ஆட்கள் எல்லாம் இருந்தும், கடைசியில் காப்பாற்றியது இன்னொரு தேசத்தில், இன்னொருவர் கையில் இருந்த இரண்டாவது நகல்.

உங்கள் அப்பாவின் குரலுக்கும் அதையே செய்யுங்கள். மீட்டதும் வீட்டு லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் ஒன்று. கூகுளில் 15 ஜிபி வரை காசில்லை. பேச்சுப் பதிவுகளுக்கு அது தாராளம். வெளி ஹார்டு டிஸ்க்கைக் கச்சிபௌலியில் வைக்காமல் கும்பகோணத்தில் உறவினர் வீட்டில் வைத்தால் இன்னும் நல்லது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் கம்ப்யூட்டரும் அதன் நகலும் ஒரே அலமாரியில் இருந்து சேர்ந்தே நனைந்தன. வருஷத்துக்கு ஒரு முறை, திவசத்தன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது, மூன்று இடத்திலும் ஒவ்வொரு கோப்பைத் திறந்து கேட்டுவிடுங்கள். கூத்துப் பாட்டுகளாக இருப்பதால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: எந்தப் பாட்டு, எந்த வேஷத்துக்கு, எந்த இரவுக் கதையில் வருவது என்று உங்களுக்குத் தெரிந்ததை எழுதி ஒரு கோப்பாகச் சேர்த்து வையுங்கள். அதை உங்களைத் தவிர வேறு எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

கொள்ளளவு பூஜ்யம் என்று காட்டினால் டேட்டா ரெக்கவரி செய்யும் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். நினைவகச் சிப்பைச் சூடுகாட்டி அட்டையிலிருந்து பெயர்த்தெடுத்து, தனிக் கருவியில் வைத்துப் படித்து, கட்டுப்பாட்டுச் சிப் கலைத்து எழுதியிருப்பதைக் கணக்குப் போட்டு வரிசைப்படுத்துவார்கள். நகத்தளவு இருக்கும் குட்டிப் பென்டிரைவுகளில் இரண்டு சிப்பும் ஒரே வில்லையாக வார்க்கப்பட்டிருக்கும். அதில் வேலை இன்னும் கடினம், செலவும் கூடும். கொடுப்பதற்கு முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: பரிசோதனைக்கு எவ்வளவு, கோப்பு கிடைக்காவிட்டால் எவ்வளவு, அசல் பென்டிரைவைத் திருப்பித் தருவார்களா. கிடைத்த கோப்புகளின் பட்டியலை முதலில் காட்டச் சொல்லி, ஒன்றிரண்டை ஓடவிட்டுக் கேட்ட பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். கூரியரில் அனுப்ப வேண்டியிருந்தால் நசுங்காத சிறு டப்பாவில் வைத்து அனுப்புங்கள். அதுவரை அதை பீரோவிலிருந்து எடுத்து, வீட்டில் வெயில் படாத, குளிர்ச்சியான அறையில் வையுங்கள். குளிர்ச்சி என்றதும் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டாம்; வெளியே எடுக்கும்போது நீர் கோத்துக்கொள்ளும்.